பவர் ஸ்டியரிங் பாக்ஸுக்கு சரியான சீல் தேடுவது எப்படி: பெங்களூரில் இந்த வேலையில் இறங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஸ்டியரிங் பாக்ஸ் ஒழுகுகிறது. கழற்றிப் பிரித்து, பழைய சீலை (எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு, வண்டிச் சாமான் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டுக்குப் போய், "அண்ணா, இதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்று நிற்பது. புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான். கடைக்காரர் வெர்னியர் வைத்து அளந்து, அதே அளவில் ஒன்றை எடுத்துத் தருவார். அது கச்சிதமாக உட்காரவும் செய்யும். கொஞ்ச நாளில் வண்டிக்கு அடியில் மறுபடி சிவப்பாக எண்ணெய் சொட்டும்.

கடைக்காரர் மேல் தப்பில்லை. அளவைக் கேட்டார்கள், அளவைக் கொடுத்தார். ஸ்டியரிங் பாக்ஸில் அளவு பாதித் தகவல்தான். அந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் வருகிறது, எந்த எண்ணெய் ஓடுகிறது, ஷாஃப்ட் எப்படி அசைகிறது என்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியை எப்படித் தெரிந்துகொள்வது, எந்த வரிசையில் வேலையைக் கொண்டுபோவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது பெட்டி வகை ஸ்டியரிங்குக்கு, அதாவது உள்ளே வார்ம் (ஸ்டியரிங்கோடு சுற்றும் திருகுத் தண்டு), பால் நட் (அதன் மேல் குண்டுகளில் ஓடும் நட்), செக்டர் ஷாஃப்ட் (அந்த நட் திருப்பும் பல் வைத்த தண்டு) உள்ள வகைக்கு. ஜீப், பழைய எஸ்யூவி, லாரி, பழைய மெர்சிடிஸ் எல்லாம் இந்த ரகம். ரேக் அண்ட் பினியன் வண்டி வைத்திருப்பவர்களுக்கு அளவெடுக்கும் பகுதியும் ரப்பர் பகுதியும் உதவும், பிரிக்கும் முறை வேறு.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நல்ல டிஜிட்டல் வெர்னியர் ஒன்று. முடிந்தால் ஒரு மைக்ரோமீட்டரும் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள், ஷாஃப்டை அளக்க அதுதான் நம்பகமானது. ட்ராப் ஆர்ம் புல்லர் (செக்டர் ஷாஃப்டின் வெளி முனையில் உள்ள கையான ட்ராப் ஆர்மை இழுத்துக் கழற்ற), சர்க்ளிப் பிளையர், மாஸ்கிங் டேப், ஒரு நோட்டு, பேனா. சின்னச் சாமான்களைக் கழற்றிய வரிசையில் வைக்க முட்டை அட்டை போதும்.

சீலை நோண்டி எடுக்க ஸ்குரூ டிரைவரைத் தொடாதீர்கள். பழைய டூத் பிரஷ்ஷின் கைப்பிடியைத் தரையில் தேய்த்துக் கூராக்கினால் அருமையான கருவி. இரும்பு முனை ஓ-ரிங் (உருண்டைக் கனமுள்ள ரப்பர் வளையம்) உட்காரும் பள்ளத்தில் ஒரு கோடு போட்டுவிட்டால், புது ஓ-ரிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தக் கோடு வழியாகவே எண்ணெய் வரும்.

நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜே.சி. ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைப்பு. சனிக்கிழமை சாயந்திரம் பாக்ஸைப் பிரித்தால், ஞாயிறு முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

2. எங்கே ஒழுகுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

பம்ப் ஹோஸில் வரும் கசிவு பாக்ஸின் மேல் வழிந்து, கீழே ட்ராப் ஆர்ம் பக்கம் சொட்டும். பார்ப்பவர் பாக்ஸ்தான் போய்விட்டது என்று நினைப்பார். ஆகவே பாக்ஸ், ஹோஸ், பம்ப் எல்லாவற்றையும் நன்றாகக் கழுவித் துடைத்து உலரவிடுங்கள். அதன் மேல் முகப் பவுடரைத் தூவுங்கள். எஞ்சினை ஓட்டி, இன்னொருவரை ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பச் சொல்லிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் முதலில் எங்கே நனைகிறதோ அதுதான் இடம்.

ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் கீழே ஒழுகினால் அது முக்கியமான துப்பு. பல பாக்ஸ்களில் செக்டர் ஷாஃப்ட் இருக்கும் அறைக்கு ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும்தான் பம்பின் முழு அழுத்தமும் வரும். ஆக, அந்த சீல் அழுத்தம் தாங்கவில்லை என்று அர்த்தம். வண்டி சும்மா நிற்கும்போதே சொட்டினால், சீலின் லிப் (ஷாஃப்டைத் தொட்டு நிற்கும் ரப்பர் உதடு) இறுகிப்போயிருக்கலாம் அல்லது ஷாஃப்ட் தேய்ந்திருக்கலாம்.

வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் ஸ்டியரிங் கனமாக இருந்தால், பம்பும் பெல்டும் நன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு, உள்ளே இருக்கும் டெஃப்லான் ரிங்குகளை (அழுத்தம் உள்ளுக்குள்ளேயே கசியாமல் தடுக்கும் வழுவழுப்பான வளையங்கள்) சந்தேகப்படலாம். வெளி சீலை மட்டும் மாற்றினால் இது சரியாகாது.

திருப்பச் சொல்பவரிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: கடைசி வரை திருப்பி அங்கேயே அழுத்திப் பிடிக்கக் கூடாது. ஐந்து நொடிக்கு மேல் பிடித்தால் எண்ணெய் கொதிக்கும், பம்ப் அடிபடும்.

3. பாக்ஸின் எண்ணைப் படியுங்கள், வண்டியின் பெயரை அல்ல

ஒரே மாடல் வண்டியில் வருஷத்துக்கு வருஷம் வேறு வேறு கம்பெனி பாக்ஸ் வந்திருக்கும். பழைய வண்டி என்றால், முன்பு வைத்திருந்தவர் வேறு வண்டியின் பாக்ஸையே மாட்டியிருப்பார். வண்டிப் பெயரைச் சொல்லிக் கிட் கேட்பது இதனால்தான் அடிக்கடி தவறிப்போகிறது.

பாக்ஸின் உடம்பிலோ மேல் மூடியிலோ ஒரு தகடு இருக்கும், அல்லது எண் வார்ப்பிலேயே வந்திருக்கும். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்தால் தெரியும். எழுத்து மங்கியிருந்தால் சாக்பீஸைத் தேய்த்துத் துடையுங்கள், பள்ளத்தில் நிற்கும் வெள்ளை எழுத்தைக் காட்டிக்கொடுக்கும். போட்டோ எடுத்து, நோட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

கம்பெனிப் பெயர் மாறியிருப்பதும் குழப்பும். தகட்டில் ரானே டிஆர்டபிள்யூ என்று இருப்பது இன்றைக்கு இசட்எஃப் ரானே. டிஆர்டபிள்யூவை இசட்எஃப் 2015-இல் வாங்கிவிட்டது. சோனா கோயோ என்று இருந்தால் இன்றைய ஜேடெக்ட் இந்தியா. கடையில் இரண்டு பெயரையும் சொல்லிக் கேளுங்கள். கணினியில் ஒரு பெயரில் இல்லாதது இன்னொரு பெயரில் இருக்கும்.

4. பிரிப்பதற்கு முன்பே கிட் கிடைக்குமா என்று பாருங்கள்

வண்டி ஓடும் நிலையில் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். பாக்ஸைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தேடினால் அவசரம் வந்துவிடும். அவசரத்தில் கிடைத்ததை வாங்குவோம்.

கடைகளில் மைனர் கிட், மேஜர் கிட் என்று இரண்டு வகை சொல்வார்கள். மைனரில் பொதுவாக வெளி ஆயில் சீலும் மூடிகளின் ஓ-ரிங்கும் இருக்கும். மேஜரில் டெஃப்லான் ரிங், அதன் அடியில் போகும் ஓ-ரிங், சீலைத் தாங்கிப் பிடிக்கும் பேக்கப் வாஷர் எல்லாம் சேரும். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும், அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை உருப்படி என்பது மட்டும் போதாது.

பார்ட் எண்ணில் ஒரு தலைமாற்றம் அடிக்கடி நடக்கும்: பம்ப் கிட்டையும் பாக்ஸ் கிட்டையும் மாற்றிக் கொடுப்பது. டொயோட்டாவில் 04445 என்று தொடங்கினால் ஸ்டியரிங் பாக்ஸ் கிட், 04446 என்றால் பம்ப் கிட். லேண்ட் க்ரூசர்காரர்கள் இதைக் கவனித்தால் ஒரு நடை மிச்சம்.

முழுக் கிட் கிடைத்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கியது. ஆனாலும் பிரித்த பிறகு ஒவ்வொன்றையும் பழையதோடு ஒப்பிட வேண்டும், நேராக மாட்டிவிடக் கூடாது. கிட் கிடைக்கவில்லை என்றால் தனித்தனி சீலாகச் சேர்க்க வேண்டும். கீழே வருவதெல்லாம் அதற்குத்தான் அதிகம் தேவை.

5. கழற்றும்போது குறித்துக்கொள்ள வேண்டியவை

சக்கரத்தை நேராக வைத்து, ஸ்டியரிங் வீலை ஒரு பெல்ட்டால் கட்டிவிடுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் வீல் தானாகச் சுற்றினால் உள்ளே இருக்கும் ஸ்பைரல் கேபிள் அறுந்துவிடும். அது சீலைவிடப் பல மடங்கு விலை.

ட்ராப் ஆர்மும் செக்டர் ஷாஃப்டும் சேரும் இடத்தில் கோடு போடுங்கள். ஸ்டியரிங் காலமும் (வீலில் இருந்து இறங்கும் தண்டு) பாக்ஸின் இன்புட் ஷாஃப்டும் சேரும் இடத்திலும் அதே மாதிரி. சைடு கவரின் நடுவில் உள்ள அட்ஜஸ்டிங் ஸ்குரூ எத்தனை நூல் வெளியே தெரிகிறது என்பதையும் எழுதிவையுங்கள்.

ட்ராப் ஆர்மைச் சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள். அந்த அடி நேராக உள்ளே இருக்கும் பேரிங்குக்கும் பால் நட்டுக்கும் போகும். புல்லர்தான்.

பால் நட்டை வார்மின் ஓரம் வரை ஓடவிட்டால் குண்டுகள் சிதறும். அதைப் பிரிக்க வேண்டிய தேவை இல்லையென்றால் பிரிக்காதீர்கள். சில பாக்ஸ்களில் கறுப்புக் குண்டும் வெள்ளைக் குண்டும் மாறி மாறிப் போக வேண்டும், இரண்டுக்கும் அளவில் நூலிழை வித்தியாசம் உண்டு.

ஒவ்வொரு சீலையும் எடுக்கும்முன் ஒரு போட்டோ. எந்தப் பக்கம் ஸ்பிரிங் தெரிகிறது, பேக்கப் வாஷர் சீலுக்கு முன்னாலா பின்னாலா என்பது அந்தப் போட்டோவில் விழ வேண்டும். எடுத்த பிறகு நினைவில் நிற்காது.

6. ஷாஃப்டையும் போரையும் (சீலோ ரிங்கோ உட்காரும் துளை) பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள்

செக்டர் ஷாஃப்டைத் துடைத்து, சீல் லிப் உட்கார்ந்த இடத்தில் நகத்தை வைத்து மெல்ல இழுங்கள். நகம் தட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. புது சீலின் லிப்பும் அதே பள்ளத்தில் போய் உட்கார்ந்து அதே வழியாக ஒழுகும்.

ஷாஃப்டை உள்ளே வைத்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் நீடில் பேரிங்கோ புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. ஷாஃப்ட் ஒரு பக்கம் சாயும்போது எதிர்ப் பக்கம் லிப் தூக்கும். பேரிங்கை மாற்றாமல் சீலை எத்தனை முறை மாற்றினாலும் அதே கதைதான்.

துரு பிடித்த ஷாஃப்டை எமரி பேப்பரால் நீளவாக்கில் தேய்ப்பது பெரிய தப்பு. ஒவ்வொரு கீறலும் எண்ணெய் வெளியேற ஒரு வாய்க்கால். மிக மெல்லிய பேப்பரால், எண்ணெய் விட்டு, சுற்றுவாட்டத்தில் மட்டும் தேய்க்கலாம், அதுவும் மேல் அழுக்குப் போகத்தான். குழி விழுந்திருந்தால் ஹார்டு குரோம் ஏற்றி கிரைண்டிங் செய்ய வேண்டும். பீன்யா பக்கம் அதற்குப் பட்டறைகள் உண்டு. மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் ஏற்றுவது இன்னொரு வழி, ஆனால் முழு அழுத்தம் வரும் இடத்தில் எனக்கு குரோம்தான் திருப்தி.

டெஃப்லான் ரிங் உரசும் வால்வு போரின் உள்சுவரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். விரலால் தடவினால் வளையம் வளையமாகப் பள்ளம் தட்டுப்படுகிறதா? தட்டுப்பட்டால் புது ரிங் போட்டாலும் ஸ்டியரிங் கனமாகத்தான் இருக்கும். அந்த நிலையில் சீல் தேடுவதை நிறுத்திவிட்டு வேறு பாக்ஸ் தேடுவது புத்திசாலித்தனம். சிவாஜிநகர் குஜ்ரியில் (பழைய சாமான் சந்தை) பழைய பாக்ஸ் கிடைக்கும். வாங்கும்முன் அதிலும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

7. அளவெடுப்பது

முதல் விதி: பழைய சீலை அளக்காதீர்கள், அது உட்கார்ந்த இடத்தை அளந்துகொள்ளுங்கள். பழைய ரப்பர் எண்ணெயில் ஊறிப் பெருத்திருக்கும், வருஷக்கணக்காக நசுங்கி உருவம் மாறியிருக்கும். பிரித்து எடுத்த ஓ-ரிங்கைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய கனம் ஒரு பக்கம் தட்டையாகி, 'டி' எழுத்து மாதிரி இருக்கும். அதை வெர்னியரில் பிடித்து வரும் எண்ணுக்கு மதிப்பே இல்லை.

ஆயில் சீலுக்கு மூன்று அளவு: ஷாஃப்டின் விட்டம், போரின் விட்டம், சீலின் உயரம். முதல் இரண்டையும் இரும்பில் எடுங்கள். சீலின் முகத்தில் 35 50 8 என்கிற மாதிரி எண் இருந்தால் அதே வரிசைதான், மில்லிமீட்டரில்.

அமெரிக்க வழிவந்த பாக்ஸில் ஷாஃப்ட் இஞ்ச் கணக்கு. 31.75 மி.மீ. என்று வந்தால் அது ஒன்றேகால் இஞ்ச். "32 போட்டுக்கோங்க, கால் மில்லிதான்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் கால் மில்லி லிப் ஷாஃப்டைப் பிடிக்கும் இறுக்கத்தில் பெரும் பங்கைத் தின்றுவிடும்.

ஓ-ரிங்கில் சிக்கல் இன்னும் நுணுக்கம். அமெரிக்க ஏஎஸ்568 அளவில் கனம் 1.78, 2.62, 3.53, 5.33 என்று போகும். ஜப்பானிய ஜேஐஎஸ் பி வரிசையில் 1.9, 2.4, 3.5, 5.7. மெட்ரிக்கில் 2, 2.5, 3 என்று முழு எண்ணாகவோ அரையாகவோ வரும். கடையில் எல்லாம் ஒரே டப்பாவில் கிடக்கும். கண்ணுக்கு ஒன்றுதான்.

ஆகவே பள்ளத்தின் ஆழத்தை அளந்து கணக்குப் போடுங்கள். மூடிக்கு அடியில் அசையாமல் இருக்கும் ஓ-ரிங் தன் கனத்தில் 15 முதல் 30 சதம் நசுங்க வேண்டும். அசையும் இடத்தில் 10 முதல் 20 சதம் போதும், அதற்கு மேல் போனால் சூடேறித் தேயும். ஒரு மூடியின் பள்ளம் 2.1 மி.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.62 ஓ-ரிங் போட்டால் 0.52 நசுங்கும், அது சுமார் 20 சதம், சரி. 2.4 போட்டால் 12.5 சதம்தான், நாளடைவில் ரப்பர் தளர்ந்ததும் ஒழுகும். 3 மி.மீ. போட்டால் 30 சதம், விளிம்பில் நிற்கிறது. மூடியை இறுக்கும்போது பிதுங்கி வெட்டுப்படலாம்.

பள்ளத்தின் அகலமும் வேண்டும். நசுங்கிய ரப்பருக்குப் பக்கவாட்டில் போக இடம் இருக்க வேண்டும். பள்ளத்தை முழுக்க அடைத்துவிடும் ஓ-ரிங், எண்ணெய் சூடேறி ரப்பர் உப்பும்போது போக்கிடம் இல்லாமல் கிழியும்.

டெஃப்லான் ரிங்குக்குப் பள்ளத்தின் அகலம், ஆழம், அது ஓடும் போரின் விட்டம் மூன்றையும் எழுதுங்கள். அடியில் ஓ-ரிங் இருக்கிறதா என்று பார்த்து அதன் கனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் அடி ஓ-ரிங்கை மறந்துவிடுவார்கள். டெஃப்லானுக்கு ரப்பர் போலத் துள்ளும் குணம் கிடையாது. அதை வெளியே தள்ளிப் போரோடு ஒட்டவைப்பதே அந்த ஓ-ரிங்தான்.

8. அழுத்தம்: பெரும்பாலும் தவறுவது இங்கேதான்

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் டிசி (TC) வகை ஆயில் சீல், அரை பார் (bar, அழுத்தத்தின் அலகு) அழுத்தத்துக்கு மேல் தாங்குவதற்கென்று செய்யப்பட்டதல்ல. கியர் ஆயில் தெறித்து வெளியே வராமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. கார் பவர் ஸ்டியரிங் பம்ப் பொதுவாக 70 முதல் 100 பார் வரை தள்ளும், லாரியில் இன்னும் கூட. அந்த இடத்தில் டிசி சீலைப் போட்டால் அதன் மெல்லிய லிப், காற்றில் குடை திரும்பிக்கொள்வது போல வெளிப்பக்கம் மடங்கிவிடும்.

அழுத்தம் தாங்கும் சீலைக் கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். லிப் குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும். உள்ளே இரும்பு வளையம் லிப்புக்கு ரொம்பப் பக்கம் வரை வந்து முட்டுக்கொடுக்கும். சிலவற்றில் லிப்புக்குப் பின்னால் டெஃப்லானிலோ நைலானிலோ ஒரு வளையம் சேர்ந்தே இருக்கும். என்ஓகே (NOK) கம்பெனி சீலில் டிசிஎன் (TCN), டிசிவி (TCV) என்ற எழுத்துகள் அழுத்த ரகத்தைக் குறிப்பவை. ஆனாலும் அவை சில பார் கணக்கில்தான். முழு பம்ப் அழுத்தம் வரும் செக்டர் ஷாஃப்டுக்கு, பவர் ஸ்டியரிங்குக்கு என்றே செய்த சீலும் பேக்கப் வாஷரும் சேர்ந்தாக வேண்டும்.

இன்புட் ஷாஃப்ட் சீலுக்குப் பெரும்பாலும் ரிட்டர்ன் லைன் அழுத்தம்தான். அதனால் அங்கே டிசி போதும் என்று சொல்பவர்கள் உண்டு. ரிட்டர்ன் ஹோஸ் மடங்கினாலோ, டேங்க் ஃபில்டர் அடைத்தாலோ அந்த அழுத்தமும் அரை பாரைத் தாண்டிவிடும். அங்கேயும் அழுத்த ரகமே போடுங்கள்.

பேக்கப் வாஷர் அழுத்தம் வரும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் உட்கார வேண்டும், அதாவது சீலுக்கு வெளிப்பக்கம். சீலைத் தாங்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை. முன்னால் போட்டால் இருந்தும் பயனில்லை.

இன்னொன்று. சில எஞ்சின் சீல்களின் லிப்பில் சாய்ந்த கோடுகளும் ஓர் அம்புக்குறியும் இருக்கும். அது ஒரே திசையில் சுற்றும் ஷாஃப்டுக்கானது. ஸ்டியரிங் இரண்டு பக்கமும் திரும்பும். அளவு ஒத்துப்போனாலும் அதை வாங்காதீர்கள்.

9. ரப்பர் வகை

முதலில் உங்கள் பாக்ஸில் எந்த எண்ணெய் என்று உறுதிசெய்யுங்கள். பெரும்பாலான வண்டிகளில் டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்), சிவப்பு. சில ஐரோப்பிய வண்டிகளில் பச்சை நிற ஹைட்ராலிக் ஆயில். இரண்டையும் கலக்கக் கூடாது.

ஏடிஎஃப்புக்கு நைட்ரைல் ரப்பர் தாங்கும், சுமார் 100 டிகிரி செல்சியஸ் வரை நிம்மதியாக ஓடும். எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் பாக்ஸ் இருந்தாலோ, நெரிசலில் நாள் முழுக்க ஊர்ந்து போகும் வண்டி என்றாலோ கூடுதல் சூடு தாங்கும் எச்என்பிஆர் அல்லது வைட்டன் ரப்பர் நல்லது. நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பு வழியாகத் தினம் போகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஈபிடிஎம் மட்டும் கூடவே கூடாது. அது பிரேக் ஆயிலுக்கான ரப்பர், ஏடிஎஃப்பில் உப்பிக் கொழகொழவென்று ஆகிவிடும். பிரேக் கிட் டப்பாவில் இருந்து அளவு பார்த்து எடுத்த ஓ-ரிங் இந்த வம்பைக் கொண்டுவரும். நைட்ரைலும் ஈபிடிஎம்மும் பார்வைக்கு ஒரே கறுப்பு. சந்தேகம் வந்தால் ஒன்றைக் கூடுதலாக வாங்கி, கனத்தை அளந்து குறித்துவிட்டு, ஒரு மூடி ஏடிஎஃப்பில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு மறுபடி அளந்து பாருங்கள். பருத்திருந்தால் தெரிந்துவிடும்.

பழுப்பு நிறம் என்றால் வைட்டன் என்ற நம்பிக்கை கடைத்தெருவில் உண்டு. நிறம் கலப்பது பெரிய வித்தை இல்லை. வைட்டன் கனமான ரப்பர். ஒரே அளவில் நைட்ரைலையும் அதையும் இரண்டு கையில் வைத்துப் பார்த்தால் எடை சொல்லும்.

அழுத்தம் வரும் இடத்தில் ஓ-ரிங்கின் கடினம் 90 ஷோர் கேளுங்கள். சாதாரணமாகக் கொடுப்பது 70. மூடிகளுக்கு 70 போதும்.

10. கடைத்தெருவில் கேட்கும் முறை

மெட்ரோவில் கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கி நடந்துவிடுங்கள், வண்டி நிறுத்த இடம் தேடி அலைவதைவிட மேல். ஜே.சி. ரோட்டிலும் கலாசிபாளையத்தைச் சுற்றிய தெருக்களிலும் கார், லாரி சாமான்கள். லாரி பாக்ஸ் கிட்டுக்குக் கலாசிபாளையம் பக்கம் முதலில் போங்கள். கிட் இல்லை, தனி சீல்தான் வேண்டும் என்றால் பேரிங், ஆயில் சீல், ஹைட்ராலிக் சீல் மட்டுமே விற்கும் கடைகளுக்குப் போவது நல்லது. அவர்களிடம் கேட்டலாக் இருக்கும், ரப்பர் வகை சொன்னால் புரியும்.

மொழிக்குக் கவலை இல்லை, பல கவுன்டர்களில் தமிழே போதும். நல்ல கடையை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. சீலை நீட்டியதும் அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள்.

"இது எங்க போடுறது தம்பி?"

"ஸ்டியரிங் பாக்ஸுக்கு கீழ, அண்ணா."

"பவரா, சாதாவா?"

இந்தக் கேள்வி வந்தால் நீங்கள் சரியான இடத்தில் நிற்கிறீர்கள், விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அங்கேயே வாங்குங்கள். எதுவும் கேட்காமல் வெர்னியரை எடுத்தால், "பிரஷர் சீல் வேணும், டிசி வேண்டாம்" என்று நீங்களே முந்திக்கொள்ளுங்கள்.

நோட்டில் இடவாரியாக எழுதிக்கொண்டு போங்கள்: இடம், ஷாஃப்ட், போர், உயரம், அழுத்தம் உண்டா இல்லையா, எண்ணெய். பழைய சீலையும் கொண்டுபோங்கள், அளவுக்காக அல்ல, அதன் முகத்தில் உள்ள எண்ணுக்காக. முடிந்தால் ஷாஃப்டையே துணியில் சுற்றி எடுத்துப் போய் அங்கேயே சீலைப் போட்டுப் பாருங்கள். வறட்டு ஷாஃப்டில் வேண்டாம், ஒரு துளி எண்ணெய் தடவிவிட்டு.

பாக்கெட்டில் தயாரித்த தேதியைப் பாருங்கள். ஐஎஸ்ஓ 2230 தரப்படி நைட்ரைலுக்கு முதல் இருப்புக் காலம் 7 வருஷம், வைட்டனுக்கு 10. தேதி இல்லாமல் ஆணியில் கோத்துத் தொங்கவிட்ட ஓ-ரிங்கை வாங்காதீர்கள். தொங்கிய இடத்தில் அது ஏற்கெனவே இழுபட்டிருக்கும். சீலின் லிப்பை விரலால் மெல்ல விரித்துப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

சின்ன ஓ-ரிங்குகளில் இரண்டு இரண்டாக வாங்குங்கள். மாட்டும்போது ஒன்று வெட்டுப்படுவது சகஜம், அதற்காக மறுபடி ஒரு பயணம் வேண்டாம்.

11. எங்கும் கிடைக்காத சீல்

டெஃப்லான் ரிங்குதான் பெரும்பாலும் இந்த நிலைக்கு வரும். ஹைட்ராலிக் சீல் கடைகள் மூலம் அளவு கொடுத்துக் கடைந்து வாங்கலாம். வெறும் வெள்ளை டெஃப்லான் சீக்கிரம் தேயும், வெண்கலமோ கார்பனோ கலந்த டெஃப்லான் கேளுங்கள். பழைய ரிங் பழுப்பாக இருந்தால் வெண்கலம், கறுப்பாக இருந்தால் கார்பன் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். பள்ளத்தின் அகலத்தைவிட ரிங் 0.1 மி.மீ. அளவு குறைவாக இருக்கும்படி சொல்லுங்கள். இறுக்கமாக இருந்தால் அடி ஓ-ரிங்கால் அதை வெளியே தள்ள முடியாது.

செக்டர் ஷாஃப்ட் சீல் கிடைக்காவிட்டால், ஒரு சீலுக்குப் பதில் இரண்டு டிசி சீலை அடுக்கிப் போடும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. முதல் சீல் மடங்கினால் இரண்டாவதும் அதே அழுத்தத்தில் மடங்கும். இந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

12. மாட்டும்போது

எல்லாப் பாகத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து, ஏடிஎஃப் தடவுங்கள். துடைக்கும் துணியில் நூல் உதிரக் கூடாது. புது ரப்பர் மேல் பெட்ரோலோ பிரேக் கிளீனரோ படக் கூடாது.

செக்டர் ஷாஃப்டின் பற்கள் மேல் மாஸ்கிங் டேப்பை ஒரு சுற்று சுற்றி, எண்ணெய் தடவிய பிறகே சீலை நுழையுங்கள். பல்லின் விளிம்பு லிப்பை ஒரு கீறு கீறினால் அத்தனை அலைச்சலும் வீண். சீலை அழுத்த, அதன் வெளி விட்டத்துக்குப் பொருந்தும் சாக்கெட்டையோ பைப்பையோ வைத்து நேராக இறக்குங்கள். ஓரத்தில் தட்டித் தட்டி இறக்கினால் சாய்ந்து உட்காரும்.

டெஃப்லான் ரிங்கை வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டால் இளகும். பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டிக் கூம்பாகச் சுருட்டி, அதன் மேல் வழுக்கி ஏற்றிப் பள்ளத்தில் இறக்குங்கள். இப்போது ரிங் விரிந்து பெரிதாக இருக்கும். இப்படியே போருக்குள் தள்ளினால் விளிம்பில் சீவிக்கொண்டு போய்விடும். அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பட்டையைச் சுற்றி, மேலே ஹோஸ் கிளாம்ப்பை மெல்ல இறுக்கி, ஆறும்வரை விட்டுவிடுங்கள். பழைய அளவுக்குச் சுருங்கியதும் எண்ணெய் தடவி, திருகாமல் நேராகத் தள்ளுங்கள்.

அட்ஜஸ்டிங் ஸ்குரூவை வண்டி நேராகப் போகும் நடு நிலையில் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். ஓரத்தில் வைத்துச் செய்தால் நடுவில் இறுகிப் பிடிக்கும். ட்ராப் ஆர்ம் நட்டுக்கு உங்கள் பாக்ஸின் மேனுவலில் உள்ள டார்க்கையே (torque, இறுக்கும் விசையின் அளவு) கொடுங்கள், இது உத்தேசமாக இறுக்கும் நட் அல்ல.

13. எண்ணெய் நிரப்பி முதல் சோதனை

முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சினை ஓட்டாமலே டேங்கை நிரப்பி, ஸ்டியரிங்கை மெதுவாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பலமுறை திருப்புங்கள். எண்ணெய் இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழி நின்ற பிறகே எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். முதலிலேயே ஓட்டினால் எண்ணெய் நுரைத்துவிடும், காற்று போக நெடுநேரம் பிடிக்கும்.

பிறகு பழையபடி துடைத்து, பவுடர் தூவிப் பாருங்கள். நின்ற இடத்தில் ஒழுகவில்லை என்றால், தெருவிலேயே மெதுவான வேகத்தில் இரண்டு பக்கமும் திருப்பி, ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வருகிறதா, எங்கேயாவது பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் அட்ஜஸ்டிங் ஸ்குரூ கூடிவிட்டது, ரோட்டுக்குப் போகாமல் அதைத் தளர்த்துங்கள்.

சில நாள் ஓடிய பிறகு அட்ஜஸ்டிங் ஸ்குரூவின் லாக் நட்டைச் சுற்றி மட்டும் ஈரம் தெரிந்தால் பாக்ஸை மறுபடி பிரிக்க வேண்டாம். பல பாக்ஸ்களில் அந்த நட்டே சீல் வேலையும் பார்க்கும், அல்லது அடியில் ஒரு சின்ன ஓ-ரிங்கோ செம்பு வாஷரோ இருக்கும். எஞ்சினை நிறுத்தி, ஸ்குரூவை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு, நட்டை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். கிட்டில் அது பெரும்பாலும் வராது, முன்கூட்டியே ஒன்றை வாங்கி டேஷ்போர்டில் போட்டுவையுங்கள்.